கூட்டும் குவியலும்: பன்மருந்துப் பாவனையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் மூன்று, மருந்தின் பெயரைத் தம் பெயராகக் கொண்டவை. சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். ஐந்து சிறு வேர்கள் சேர்ந்தது சிறுபஞ்சமூலம். ஏலம் முதலாகிய ஆறு பொருட்கள் சேர்ந்தது ஏலாதி. பல சரக்குகள் கூடி உடற்பிணியை நீக்குவது போலப் பல அறங்கள் கூடி உளப்பிணியை நீக்கும் என்பதே இப்பெயர்களின் உட்கிடை. இவ்வுவமை கற்போருக்கு விளங்கியதெனின், பல சரக்குகளைக் கூட்டி ஒரு மருந்தாக்கும் வழக்கம் அக்காலத்துத் தமிழ் மக்கள் நன்கறிந்த ஒன்றாக இருந்திருத்தல் வேண்டும். ஏலாதிச் சூரணத்தில் ஏலம் ஒரு பங்காயின் இலவங்கப்பட்டை இரண்டு, நாககேசரம் மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு பங்காக அமையும் என்பர். எண்ணிக்கை மட்டுமன்றி அளவும் முறையும் இங்கு வரையறுக்கப்பட்டுள்ளமை நோக்கத்தக்கது. ஒருவர் எண்ணி, ஒரு நோக்கங் கருதி, அளந்து சேர்த்தது இது. ஆகவே இதனைக் கூட்டு எனலாம்.

இன்றைய முதிய நோயாளி ஒருவரின் கையிலுள்ள மருந்துப் பையும் பல மருந்துகளைக் கொண்டதே. நீரிழிவுக்கு இரண்டு, உயர் குருதியமுக்கத்துக்கு இரண்டு, கொழுப்புக்கு ஒன்று, இருதயத்துக்கு ஒன்று, மூட்டுவலிக்கு ஒன்று, அம்மூட்டுவலி மாத்திரையால் வயிற்றெரிவு உண்டாகாதிருக்க இன்னுமொன்று என அது நீளும். இவற்றை ஒருவரே எண்ணி அளந்து சேர்த்தாரல்லர். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வைத்தியர், வெவ்வேறு நோயை நோக்கித் தந்தவை ஒரு பையினுள் வந்து சேர்ந்துள்ளன. இதனைக் கூட்டு என்பதிலும் குவியல் என்பதே பொருந்தும். மேலைத்தேய மருத்துவர் இந்நிலையைப் ‘பொலிபார்மசி’ என வழங்குவர். ஐந்தும் அதற்கு மேற்பட்டதுமான மருந்துகளை ஒருவர் தொடர்ந்து உட்கொள்வதைப் பன்மருந்துப் பாவனை எனக் கொள்வது பெருவழக்கு.

இப்பிரச்சினை இக்காலத்துக்கே உரியது எனப் பலரும் கருதுவர். ஆயின், மருந்தைச் சேர்ப்பதற்கும் நீக்குவதற்குமிடையே நிகழ்ந்த போராட்டம் மருத்துவ வரலாறு முழுவதிலும் காணப்படுவது. ‘இம்மருந்து இங்கு எதற்காக இருக்கின்றது?’ என்ற கேள்வி எப்பொழுதெல்லாம் கேட்கப்பட்டதோ அப்பொழுதெல்லாம் மருத்துவம் முன்னேறியது என்பதையும், அக்கேள்வி தானாக எழுவதில்லை, எவரேனும் ஒருவர் துணிந்து கேட்டாக வேண்டும் என்பதையும் அவ்வரலாறு உணர்த்துகின்றது.

தேரியாக்காவின் நீண்ட ஆட்சி

மேலைத்தேய மருத்துவத்தில் பல்சரக்கு மருந்தின் உச்சநிலையாக அமைந்தது தேரியாக்கா என்னும் நச்சு முறிப்பு மருந்தாகும். இதன் முன்னோடி பொந்தசு நாட்டு மன்னன் ஆறாம் மித்திரிடாத்தீசின் பெயரால் வழங்கியது. நஞ்சூட்டப்படுவோம் என்ற அச்சத்தால் இம்மன்னன் நாடோறும் பல்சரக்கு மருந்தொன்றை உண்டு வந்தான் என்பது மரபு. கி.மு. 63இல் அவன் இறந்த பின்னர் அம்மருந்து உரோமாபுரியை அடைந்தது. நீரோ மன்னனின் மருத்துவராகிய அந்திரோமாக்கசு அதில் விரியன் பாம்பின் இறைச்சியையும் சேர்த்து, சரக்குகளின் தொகையை 64 ஆக உயர்த்தினார். மார்க்கசு ஔரேலியசு பேரரசனுக்குத் தேரியாக்கா தயாரித்துக் கொடுத்தவர் பெருமருத்துவர் காலென். நஞ்சுக்கெனத் தோன்றிய மருந்து காலப்போக்கில் காய்ச்சல், கொள்ளைநோய், இருமல் என யாவற்றுக்கும் உரியதாயிற்று. வெனிசு நகரில் அது மக்கள் முன்னிலையில் பெருவிழாப் போலத் தயாரிக்கப்பட்டது.

இம்மருந்து ஏறத்தாழப் பதினேழு நூற்றாண்டுகள் நிலைத்தமைக்குக் காரணம் யாது? அதில் அபினி இருந்தமையால் வலி தணிந்ததும் உறக்கம் வந்ததும் உண்மை. மற்றைய அறுபத்துச் சொச்சம் சரக்குகளும் அப்பயனில் பங்குகொண்டாடின. எச்சரக்கு எதனைச் செய்கின்றது என்று பிரித்தறிய எவரும் முற்படவில்லை. முன்னோர் சேர்த்ததை நீக்குவது அடாத செயலாகவும், புதிதாக ஒன்றைச் சேர்ப்பது புலமையின் அடையாளமாகவும் கருதப்பட்டன. அளவும் எண்ணிக்கையும் இருந்தும், ஒவ்வொன்றுக்கும் காரணங் கூற இயலாத நிலையில், கூட்டாகத் தோன்றிய மருந்தும் குவியலாகவே முடிந்தது எனலாம்.

கேள்வி எழுந்த காலம்

1745ஆம் ஆண்டில் வில்லியம் ஹெபடன் என்னும் ஆங்கில மருத்துவர் தேரியாக்காவை எதிர்த்துச் சிறுநூல் ஒன்றை எழுதினார். அம்மருந்தின் பழம்பெருமைக்குச் சான்றில்லை என்பதையும், ஒன்றோடொன்று தொடர்பற்ற சரக்குகள் அதில் திரண்டிருந்தன என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். எனினும் இலண்டன் மருந்து நூலிலிருந்து தேரியாக்கா நீக்கப்பட்டது 1788ஆம் ஆண்டிலேயாகும். காரணங்கள் வெளிப்படையாகக் கூறப்பட்ட பின்னரும் நீக்கத்துக்கு நாற்பத்துமூன்று ஆண்டுகள் பிடித்தன. ஐரோப்பாவின் வேறு சில நாடுகளின் மருந்து நூல்களில் அது பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இடம்பெற்றிருந்தது.

அதே காலப்பகுதியில் நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சி இதனினும் பயனுடையது. 1775ஆம் ஆண்டில் வில்லியம் விதரிங் என்னும் மருத்துவரிடம் உடல்வீக்கத்துக்கான குடும்ப மருந்துமுறையொன்று கருத்துக் கேட்டு வந்தது. சுரொப்சயர் பகுதியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் நெடுங்காலம் மறைபொருளாகப் பேணி வந்த அம்முறையில் இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. தாவரவியல் கற்ற விதரிங், அவற்றுள் வலிமையுடையது டிஜிற்றாலிஸ் செடியே என உணர்ந்தார். பின்னர் பத்தாண்டுகள் நோயாளரிடத்து அதனைத் தனியே வழங்கி, எவ்வளவில் பயன் தரும், எவ்வளவில் நஞ்சாகும் என்பதைக் குறித்து வைத்து, 1785ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பலிக்காத நோயாளரையும் அவர் மறைக்கவில்லை. மூதாட்டியின் அனுபவத்தை அவர் புறக்கணிக்கவுமில்லை. அதனுள் எது வேலை செய்தது என்று வினவினார். இருதய நோய் மருத்துவத்தின் பெருமருந்தொன்று இவ்வாறு கழித்தலின் வழியே கிடைத்தது.

1820ஆம் ஆண்டில் சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைன் பிரித்தெடுக்கப்பட்டமையும் இந்நெறியின் தொடர்ச்சியே. 1860ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ், சிலவற்றை விலக்கி, அன்று வழங்கிய மருந்துகளில் எஞ்சியவற்றைக் கடலில் அமிழ்த்தினால் மனிதருக்கு நன்மையும் மீன்களுக்குத் தீமையும் விளையும் என்ற கருத்துப்படப் பேசியமை மருத்துவ உலகில் பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று.

மீண்டும் பெருகிய மருந்துகள்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைமை வேறு வகையில் மாறியது. பெனிசிலின் போன்ற மருந்துகள் தொற்றுநோய்களை அடக்கியமையால் மக்கள் நீண்டகாலம் வாழலாயினர். நீண்ட வாழ்வோடு நீண்டகால நோய்களும் வந்தன. 1948ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் பிரமிங்கம் நகரில் தொடங்கிய ஆய்வு, உயர் குருதியமுக்கம், குருதிக் கொழுப்பு முதலியன பின்னர் வரும் இருதய நோய்க்கு முன்னறிகுறிகளாவதை எடுத்துக்காட்டிற்று. நோய் வந்த பின் மருந்துண்ட காலம் போய், நோய் வராதிருக்க மருந்துண்ணும் காலம் பிறந்தது. 1950களின் பிற்பகுதியில் நீரிழிவுக்கான மெட்போமின், டொல்பியூட்டமைட் ஆகிய மாத்திரைகளும் குருதியமுக்கத்துக்கான குளோரோதயசைட்டும், 1960களில் புரோபிரனோலோலும், 1987ஆம் ஆண்டில் கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டாற்றினும் பாவனைக்கு வந்தன. இவை தேரியாக்கா போன்றவையல்ல. ஒவ்வொன்றும் ஆராயப்பட்டது, தனித்தனியே ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. இவற்றால் உயிர் பிழைத்தோர் எண்ணற்றோர்.

ஆயின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது. ஒரு மருந்தை ஆராய்வோர் பெரும்பாலும் ஒரு நோயுடையோரையே தேர்ந்து ஆராய்ந்தனர். பல நோயுடைய முதியோர் அவ்வாய்வுகளிலிருந்து விலக்கப்படுவது வழக்கமாயிற்று. ஒரு நோய்க்கென எழுந்த வழிகாட்டி நூல், மற்ற நோய்க்கென எழுந்த நூலை அறியாது எழுந்தது. 2005ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர், ஐந்து நீண்டகால நோய்களையுடைய 79 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்து, அந்நோய்களுக்குரிய வழிகாட்டிகள் யாவற்றையும் பின்பற்றினால் விளைவது யாதெனக் கணித்தனர். அப்பெண் 12 வகை மருந்துகளை நாளொன்றுக்கு 19 வேளை அளவுகளாக உட்கொள்ள வேண்டியிருந்தது. எந்த வைத்தியரும் பிழை செய்யாமலே இந்நிலை தோன்றியது என்பதே இக்கணிப்பின் பாடம்.

மருந்து மருந்தை ஈனும் நிலையும் உண்டு. மூட்டுவலிக்கு உண்ணும் அழற்சி தணிக்கும் மாத்திரை குருதியமுக்கத்தை உயர்த்தக்கூடும். அதனைப் புதிய நோயெனக் கருதிச் சிறுநீர்ப்பெருக்கி மாத்திரை வழங்கப்படலாம். அது குருதியில் யூரிக்கமிலத்தைக் கூட்டிப் பெருவிரல் மூட்டில் வீக்கத்தை உண்டாக்க, அதற்கும் ஒரு மருந்து வந்து சேரும். முதல் மாத்திரையை நிறுத்தியிருந்தால் பின்னைய இரண்டும் வேண்டியிரா. சில சிறுநீர்ப்பெருக்கிகள் உடலின் பொற்றாசியத்தைக் குறைக்க, அக்குறைவால் டிஜொக்சின் நஞ்சாவதும் இத்தகையதே. விதரிங் தனிமைப்படுத்திக் கற்ற மருந்து வேறொன்றன் துணையால் மீண்டும் ஆபத்தாகின்றது. ஐந்து மருந்துகளை இரண்டிரண்டாக இணைத்தால் பத்து இணைகளும், பத்து மருந்துகளாயின் நாற்பத்தைந்து இணைகளும் உண்டாகும். அவையெல்லாம் தீங்கு விளைப்பன அல்ல. எனினும் அவற்றை எண்ணிப் பார்ப்பது யாருடைய கடமை என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை.

இலங்கையில் ஒரு நீக்கம்

மருந்தைக் கழித்தல் என்ற இவ்வரலாற்றில் இலங்கைக்குச் சிறப்பான ஓரிடம் உண்டு. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியற் பேராசிரியரும், பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகப் பணியாற்றியவருமான சேனக பிபிலே அவர்களே அதற்குக் காரணராவார். 1959ஆம் ஆண்டில் வெளிவந்த இலங்கை வைத்தியசாலைகளுக்கான மருந்து நூல், அரசாங்க வைத்தியசாலைகளுக்கு வேண்டிய மருந்துகளை வணிகப் பெயரால் அன்றி மூலப் பெயரால் தெரிவு செய்து வரையறுத்தது. அதன் பின்னணியில் நின்றவர்களுள் பிபிலே முதன்மையானவர்.

ஆயினும் தனியார் துறையில் ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில், பல விலைகளில் இறக்குமதியாகிக் கொண்டிருந்தது. 1971ஆம் ஆண்டில் மருத்துவரும் இடதுசாரித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பிபிலேயும் இணைந்து அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கையைச் சமர்ப்பித்தனர். அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. பிபிலே அதன் முதலாவது தலைவரானார். இறக்குமதியான ஏறக்குறைய 2,100 மருந்துகள் மீளாய்வு செய்யப்பட்டு ஏறக்குறைய 600 ஆகக் குறைக்கப்பட்டன. உலகளாவிய கேள்விப்பத்திர முறையால் பல மருந்துகள் குறைந்த விலையில் பெறப்பட்டன.

இங்கு நிகழ்ந்தது யாது? ஹெபடன் ஒரு மருந்திடம் கேட்ட கேள்வியைப் பிபிலே ஒரு நாட்டின் மருந்துக் களஞ்சியத்திடம் கேட்டார். நிலைத்திருப்பதற்குக் காரணங் காட்டவேண்டிய பொறுப்பு மருந்தின் மேல் சுமத்தப்பட்டது. வணிக நிறுவனங்களின் எதிர்ப்பும் மருத்துவர் சிலரின் எதிர்ப்பும் இதற்கு இருந்தன. மருந்தைச் சேர்ப்பதனால் பயனடைவோர் பலர் இருக்க, நீக்குவதனால் பயனடையும் ஏழை நோயாளிக்குக் குரல் இல்லை என்பதை அவ்வெதிர்ப்பு உணர்த்திற்று. 1977ஆம் ஆண்டில் ஆட்சி மாறியதும் திறந்த பொருளாதாரக் கொள்கையின் கீழ் இத்திட்டத்தின் பல அமிசங்கள் தளர்த்தப்பட்டன. அவ்வாண்டு செத்தெம்பரில், ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்காகக் கயானா சென்றிருந்த பிபிலே அங்கே காலமானார். அதே 1977ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் ஏறத்தாழ 200 மருந்துகளைக் கொண்ட தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டமை குறிப்பிடத்தக்கது. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் 2015ஆம் ஆண்டில் நிறைவேறியபோது பிபிலேயின் பெயர் மீண்டும் நாடெங்கும் பேசப்பட்டது.

எனினும் பிபிலேயின் பட்டியல் நாட்டுக்குரியது, நோயாளிக்குரியதன்று. அத்தியாவசியமான மருந்துகள் மட்டுமே நாட்டில் இருப்பினும், அவற்றுள் பத்து ஒரே மனிதரின் பையில் தேவையின்றிச் சேரலாம். நாட்டளவில் கேட்கப்பட்ட கேள்வி நோயாளியளவில் கேட்கப்படாமல் எஞ்சியது.

கிளினிக் கொப்பியும் நோயாளியும்

இலங்கை விரைந்து மூப்பெய்தும் நாடு. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 6.6 வீதமாயிருந்த அறுபது வயதுக்கு மேற்பட்டோர், 2012ஆம் ஆண்டு மதிப்பில் 12.4 வீதமாயினர். அரசாங்க வைத்தியசாலைகளின் இலவச மருத்துவம் இம்முதியோரின் பெருந்துணை. ஆயின் பெரிய வைத்தியசாலைகளில் நீரிழிவுக்கு ஒரு கிளினிக், இருதயத்துக்கு ஒன்று, மூட்டுவாதத்துக்கு வேறொன்று எனத் தனித்தனி நாட்கள் உண்டு. நீண்ட வரிசையின் முடிவில் வைத்தியருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அந்நேரத்தில் முன்னைய மருந்துகளை அவ்வாறே தொடரும்படி எழுதுவது எளிது. ஒன்றை நிறுத்துவதாயின் வினவவும், விளக்கவும், மீண்டும் வரச்சொல்லிப் பார்க்கவும் வேண்டும். இடையில் தனியார் மருத்துவ நிலையத்தில் வாங்கிய மாத்திரையும், கடையில் கேட்டு வாங்கிய வலிமருந்தும், நாட்டு வைத்தியர் தந்த குளிகையும் கொப்பியில் ஏறுவதில்லை.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இதன் கடுமையை வெளிப்படுத்திற்று. வைத்தியசாலையில் இல்லாத மருந்தை வெளியே வாங்கவேண்டிய நிலையில், விலையேற்றத்தால் யாவற்றையும் வாங்க இயலாதோர் எதனை வாங்குவது, எதனை விடுவது எனத் தாமே முடிவு செய்ய நேர்ந்தது. இருதயத்தைக் காக்கும் மாத்திரையை விட்டு, உடனே சுகந்தரும் வலிமாத்திரையை வாங்குதல் இயல்பு. எதனை நீக்கலாம் என்ற முடிவு மருத்துவ அறிவோடு முன்னரே எடுக்கப்படாதவிடத்து, வறுமை அம்முடிவை எடுத்துவிடுகின்றது.

பல மருந்து என்பதே தீது எனக் கொள்வதும் பொருந்தாது. 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இதற்குச் சான்று. இலங்கையின் வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 உயர் குருதியமுக்க நோயாளரிடையே நடைபெற்ற அவ்வாய்வில், டெல்மிசாட்டன், அம்லோடிபின், குளோர்தலிடோன் ஆகிய மூன்றும் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாக ஒரு சாராருக்கு வழங்கப்பட்டன. ஆறு மாத முடிவில் அவர்களுள் 70 வீதமானோரின் அமுக்கம் இலக்கை எட்டியது. வழமையான சிகிச்சை பெற்றோரில் 55 வீதமானோரே எட்டினர். மூன்று மருந்துகள் ஒரு நோக்கத்துக்காக, அளந்து, காரணத்தோடு சேர்க்கப்பட்டபொழுது பயன் விளைந்தது. திரிகடுகத்தின் உவமை நவீன ஆய்வில் மறுபிறப்பு எடுத்தது போன்றது இது. எண்ணிக்கையன்று, காரணமே அளவுகோல் என்பதை இது உறுதிப்படுத்துகின்றது.

நீக்கல் ஒரு மருத்துவம்

நோயாளியளவில் நீக்கலைக் கற்கும் முயற்சியும் தொடங்கியுள்ளது. 1991ஆம் ஆண்டில் அமெரிக்க முதியோர் மருத்துவர் மார்க் பியர்ஸ், முதியோருக்குப் பொருந்தா மருந்துகளின் பட்டியலொன்றை வெளியிட்டார். மருந்துகளை முறையாகக் குறைத்து நிறுத்துதலுக்கு 2003ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் ஒரு தனிக் கலைச்சொல்லே ஆக்கப்பட்டது. மருந்தெழுதலுக்கு நெடுங்காலமாகப் பெயர் இருக்க, அதனை நிறுத்துதலுக்கு இருபத்தோராம் நூற்றாண்டிலேயே பெயர் வாய்த்தமை சிந்திக்கத்தக்கது. 2017ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் மருந்தினால் வரும் தீங்கைக் குறைக்கும் உலகத் திட்டத்தைத் தொடங்கி, அதன் மூன்று முதன்மைத் துறைகளுள் பன்மருந்துப் பாவனையையும் ஒன்றாக்கியது.

நீக்கல் நோயாளி தாமே செய்யத்தக்கதன்று. புரோபிரனோலோல் போன்ற மருந்தைத் திடீரென விடுவது இருதய நோயாளிக்கு ஆபத்தாகலாம். மெல்லக் குறைத்தல், கண்காணித்தல், வேண்டின் மீளத் தொடங்குதல் ஆகிய யாவும் மருத்துவ அறிவை வேண்டுவன. எனவேதான் அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். யாவற்றையும் ஒரே கொப்பியில் எழுதுதல், ஆண்டுக்கொருமுறையேனும் ஒரு வைத்தியர் அல்லது மருந்தாளர் பை முழுவதையும் மேசையில் விரித்துப் பார்த்தல், ஒவ்வொரு மருந்துக்கும் நேரே அதன் காரணத்தை எழுதுதல் ஆகியன பெருஞ்செலவை வேண்டுவன அல்ல. காரணம் எழுத இயலாத மருந்து எதுவோ அதுவே முதலில் ஆராயப்பட வேண்டியது.

தேரியாக்காவை நீக்குவதற்கு ஒரு ஹெபடனும் நாற்பத்துமூன்று ஆண்டுகளும் வேண்டியிருந்தன. ஒரு நாட்டின் பட்டியலைக் குறைக்க ஒரு பிபிலே வேண்டியிருந்தது. இன்று முதியவர் ஒருவரின் பையிலுள்ள பத்தாவது மாத்திரையை நீக்குவதற்குப் பேரறிஞர் எவரும் வேண்டியதில்லை. கொப்பியின் முதற்பக்கத்திலிருந்து புரட்டிப் பார்க்கச் சிறிது நேரமும், ‘இது எதற்காக?’ என்று கேட்கும் கடமையுணர்வும் உடைய ஒருவரே வேண்டும். அவ்வொருவர் யாரென வரையறுத்து, அவருக்கு அந்நேரத்தை ஒதுக்கிக் கொடுப்பதே இந்நாட்டு இலவச மருத்துவத்தின் முன் இன்றுள்ள பணியாகும்.